பாதியைக் காட்டிய முள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் புகுந்த வீட்டிலிருந்து யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். கார் ஓட்டத் தெரியாத, அதுவரை ஒரு பொனட்டைக்கூடத் திறந்து பார்த்திராத ஒருத்தி, கல்யாணமான ஐந்தாவது மாதத்தில் மாமனாரின் காரில் கை வைத்தாள். காரணம், அவள் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். கரும்பலகையில் மின்சுற்று வரையத் தெரிந்தவளுக்கு ஒரு வயரைக் கொண்டுபோய் இணைக்கத் தெரியாதா? (தெரியாது.)

மாமா, ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். ரோலர்கள் கொழுந்தை அரைக்கிற சத்தத்துக்குள்ளேயே நின்று நின்று காது முக்கால்வாசி போய்விட்டது. ஓய்வுபெற்றபோது, பழைய துரை விட்டுப்போன இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கினார். பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் அவருக்குக் கேட்கும். (எங்கள் ஊர் பஸ் ஹோர்ன் மயானத்தில் படுத்திருப்பவர்களுக்கும் கேட்கும்.) எஞ்சின் சத்தம்தான் கேட்காது. எப்போது கியர் மாற்றுவது என்று காதால் தெரிந்துகொள்ள முடியாததால், கண்ணால் தெரிந்துகொண்டார். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் வட்ட மீட்டர் ஒன்று அந்தக் காரில் இருந்தது. அதில் இரண்டாயிரத்து ஐநூறுக்கு நேராக, என் நாத்தனார் கவிதாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார். முள் கோட்டைத் தொட்டால் அடுத்த கியர். அவ்வளவுதான் அவருடைய ஓட்டம். வேகம் காட்டும் மீட்டர் துரை காலத்திலேயே செத்துவிட்டது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை, ஏனென்றால் வேகம் என்று ஒன்று அந்தக் காருக்குக் கிடையாது.

பிறகு எஞ்சினும் செத்தது. ஹட்டன் டவுனில் கராஜ் வைத்திருக்கும் நஸீர் நானா, எங்கேயோ அடிபட்ட ஜப்பான் கார் ஒன்றின் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தார். கார் ஓடியது. முள் படுத்துவிட்டது.

முள் இல்லாத மாமா, கண் கட்டிவிடப்பட்ட மனிதர் மாதிரி ஆனார். முதல் கியரிலேயே டவுன் வரைக்கும் போனார். திரும்பி வரும்போது நாலாம் கியரில் மேடேறப் பார்த்து மூன்று இடத்தில் நின்றார். மாமி இனி அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்துத்தான் கவிதாவுக்கு நோட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் மாப்பிள்ளை பொருந்தி வந்தது. இரண்டு வாரத்தில் போய்ப் பேசி நாள் குறிக்க வேண்டும். வேனில் எல்லோருமாகப் போகலாம் என்றார் என் கணவர்.

"சம்பந்தி வீட்டுக்கு மொத தடவ போறோம். சொந்தக் கார லயத்துப் பக்கம் நிப்பாட்டிட்டு வாடக வேன்ல போயி எறங்குறதா?" என்றார் மாமா. குரல் கம்மிவிட்டது. பெரிய சத்தத்தில் பேசியே பழகிய மனிதர் குரல் கம்மினால் பார்க்கச் சகிக்காது.

"மீட்டர நான் சரி பண்ணித் தர்றேன் மாமா" என்றேன்.

"கரண்டு வேலம்மா அது. இரும்புன்னா நானே பாத்துருவேன், கையில புடிக்கலாம். கரண்ட எங்க புடிக்கிறது?"

"அதுதான மாமா நான் படிப்பிக்கிறேன்!"

அவர் முகம் மலர்ந்தது. அந்த நிமிடம்வரை நான் அந்த வீட்டில் 'மருமக'. அதற்குப் பிறகு 'டீச்சர்'.

நஸீர் நானாவுக்கு போன் போட்டேன். "டீச்சர், பழைய எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர்னு ஒன்னு இருந்திச்சி. பொறி போடுற காயில் ஒன்னுதான். டிஸ்ட்ரிபியூட்டர் நாலு பிளக்குக்கும் கரண்ட பங்கு போட்டுக் குடுக்கும். இதுல அந்தச் சாமானே இல்ல, எல்லாம் கம்பியூட்டர்" என்றார்.

"அப்ப மீட்டருக்கு?"

"காயிலோட மைனஸ்ல குடுங்க. ஓடும்."

எந்தக் காயில் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. என் குடும்ப வாழ்க்கையின் திருப்புமுனை இந்த இடம்தான்.

முதல் நாள் ஒரு வயரைக் கொடுத்தேன், முள் அசையவில்லை. இரண்டாம் நாள் வேறொன்று. முள் துள்ளியது! விழுந்தது, மறுபடி துள்ளியது. "துள்ளுது டீச்சர், துள்ளுது!" என்று மாமா கத்தியதில் பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் அடக்கமாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். கவிதாதான் குனிந்து பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, எஞ்சின் இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

நான் இணைத்திருந்தது சிக்னல் லைட்டின் வயர். இடப்பக்கம் திரும்புவதாகக் கார் அறிவித்துக்கொண்டிருந்தது. முள் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள், நஸீர் நானா சொன்ன காயிலைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு சின்னக் குழப்பம். இரண்டு இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில். பழைய எஞ்சினுக்கு ஒன்றே போதுமாக இருந்ததே, இது எதற்கு? வெகுநேரம் யோசித்தேன். ஒன்று ஸ்பெயாராக இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். ஜப்பான்காரர்கள் முன்யோசனைக்காரர்கள். எனக்குக் கிட்டத்தில் இருந்த காயிலில் வயரைக் கொடுத்தேன்.

முள் எழுந்து நின்றது. ஆடவில்லை, துள்ளவில்லை, எஞ்சினை முடுக்கினால் ஏறி, விட்டால் இறங்கி, அச்சாக மீட்டர் மாதிரியே நடந்துகொண்டது. மாமா மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சும்மா நிக்கையில முந்தி எண்ணூறுல நிக்கும். இப்ப நானூறுல நிக்குதே டீச்சர்?"

எனக்கும் அது என்னவோபோல்தான் இருந்தது. ஆனால் டீச்சர் என்று கூப்பிட்டுவிட்டாரே! "புது எஞ்சின் மாமா. அமைதியா ஓடுது" என்றேன்.

அடுத்து ஒரு வாரம் விடாத மழை. வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். நல்ல நேரம் பத்தரை. மாமாவின் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்பது குடும்பக் கணக்கு. காரில் மாமா, முன்னால் நான், பின்னால் மாமியும் கவிதாவும். (வாழப்போற வீட்ட நான் பாக்க வேணாமா என்று அவளும் கிளம்பிவிட்டாள்.) பேச்சைத் தொடங்க வேண்டிய பெரியப்பாவும் தட்டுகளும் என் கணவரும் பின்னால் வேனில். வழியில் கோயிலில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

முதல் வளைவிலேயே எஞ்சின் வீறிட்டது. முள் இரண்டாயிரத்தைத்தான் நெருங்கியிருந்தது. மாமா கோட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்னங்க, வண்டி கத்துது!" என்றார் மாமி.

"யாரு கூப்பிடுறா?" என்றார் மாமா.

"வண்டி! வண்டி கத்துதுங்க!"

"கவிதா கத்துறாளா? ஏம்மா, பயமா இருக்கா? நல்ல எடம்மா, கவலப்படாத."

நான் திரும்பி, மீட்டரைக் காட்டி, மாமியைச் சமாதானப்படுத்தினேன். "ரெண்டாயிரத்தி ஐநூறுதான் மாமி காட்டுது. காதுக்குத்தான் அப்பிடித் தெரியுது. அளவுகருவி பொய் சொல்லாது." இதைச் சொன்னது நான்தான். கவிதா சாட்சி.

உள்ளுக்குள் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கண் ஒன்று சொல்கிறது, காது வேறு சொல்கிறது, வயிறு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே வந்த லொறி, அம்புலன்ஸ் என்று நினைத்ததோ என்னவோ, ஓரம் கட்டி வழிவிட்டது. ஒரு தனியார் பஸ்ஸை முந்தினோம். அதன் டிரைவர் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. கோயில் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. மாமி கும்பிடக் கை தூக்கியபோது நாங்கள் நீர்த்தேக்கத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கி ரோட்டு நல்லா இருக்கு" என்றார் மாமா, நிம்மதியாக.

ஒன்பது பத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றோம். பொனட்டுக்கு அடியிலிருந்து ஆவி பறந்தது. போன் அடித்தது, என் கணவர்.

"எங்க இருக்கீங்க? காணவே இல்ல?"

"வந்துட்டோம்."

"எங்க வந்துட்டீங்க?"

"மாப்பிள்ள வீட்டுக்கு."

"யாரக் கேட்டு?" என்றார்.

அதற்குப் பதில் யோசிக்குமுன் எதிரே பார்த்தேன். வாசற்கதவில் ஒரு பெரிய சோபா, பாதி உள்ளே, பாதி வெளியே, சிக்கி நின்றது. அது எங்களை உட்கார வைக்க இரவல் வாங்கிய அடுத்த வீட்டுச் சோபா என்று பிறகு தெரிந்தது. உள்பக்க முனையை மாப்பிள்ளையின் அம்மாவும், வெளிப்பக்க முனையை அடுத்த வீட்டுக்காரரும் பிடித்திருந்தார்கள். முற்றத்தில் மாப்பிள்ளை சுதாகரன். மடித்துக் கட்டிய சாரம், தோளில் துவாய், தலை முழுக்கக் கறுப்பு மை, அதன்மேல் ஒரு பொலித்தீன் பை. எங்களைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடத் திரும்பினார். வழியில் சோபா. இந்தப் பக்கம் நாங்கள். அப்படியே நின்றார்.

யாரும் பேசவில்லை. பேசவேண்டிய பெரியப்பா வேனில் இருந்தார்.

"தல நரச்சவரா?" என்று மாமி என் தோளைக் கிள்ளினார். இந்தச் சம்பந்தம் முறிந்தால் காரணம் நான் என்பது மட்டும் அந்தக் காலையில் எனக்குத் தெளிவாக விளங்கியது.

கவிதா கார் கதவைத் திறந்து இறங்கினாள். நேராக அவரிடம் போனாள். "எப்ப இருந்து நரைக்குதுங்க?"

"ஸ்கூல் படிக்கிறப்பவே" என்றார் அவர், பையைக் கழற்றுவதா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டு. "நான் சொல்லிருவோம்னுதான் சொன்னேன். அம்மாதான் கல்யாணம் முடியட்டும்னாங்க." பிறகு, தப்பிக்க ஒரு வழி கிடைத்தவர்போல, "மொதல்ல வண்டியப் பாப்போமா? கொதிக்குது" என்றார்.

அவருக்கு மின்நிலையத்தில் வேலை. ஆவி அடங்கியதும் ரோட்டோரப் பீலியில் மலையிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிட்டு, எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். சத்தத்தைக் கேட்டார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி சத்தத்தைக் கேட்டார். "இந்த மீட்டர் வயர யாரு குடுத்தது?"

"எங்க மருமக!" என்றார் மாமா பெருமையாக. "பௌதிகவியல் டீச்சர்!"

சுதாகரன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "அக்கா, எஞ்சின் ஒரு சுத்து சுத்தறப்போ ரெண்டு தடவ பொறி விழணும். முந்தி ஒரே காயில் ரெண்டையும் போட்டிச்சி, மீட்டர் அத எண்ணிப் பாதியாக்கிக் காட்டிச்சி. இதுல ஒரு காயில் ஒன்னு போடுது, மத்த காயில் ஒன்னு போடுது. நீங்க ஒன்னத்தான் எண்ணச் சொல்லியிருக்கீங்க."

"அது ஸ்பெயார் இல்லையா?" என்றேன். (கேட்டிருக்கக் கூடாது.)

"இல்லக்கா."

"அப்ப ரெண்டாயிரத்தி ஐநூறுன்னா…"

"ஐயாயிரம்."

"என்னவாம்?" என்றார் மாமா.

"ஐயாயிரமாம்!" என்று மாமி அவர் காதில் கத்தினார்.

"சீதனமா?" என்றார் மாமா திகைத்து. "அவ்வளவுதானா?"

சோபாவுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, "ஐயோ, நாங்க சீதனமே கேக்கலையே!" என்று அலறினார்.

சுதாகரன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய டிவி ஒன்றைத் திறந்து இரண்டு டயோடு கழற்றினார். அது மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் சின்னச் சாமான். காயிலுக்கு ஒன்றாக வைத்து, இரண்டையும் சேர்த்து மீட்டரின் வயரில் கொடுத்தால், காயில்கள் ஒன்றோடொன்று மோதாது, பொறி இரண்டும் எண்ணிக்கையில் வந்துவிடும். முள் எண்ணூறில் போய் உட்கார்ந்தது. அதற்குள் தலையில் மை ஏறிய நேரத்தை யாரும் எண்ணவில்லை.

வேன் வந்து பெரியப்பா இறங்கியபோது, நெற்றியிலும் இரண்டு காதிலும் அழியாத கறுப்போடு மாப்பிள்ளையும், கையெல்லாம் கிரீஸோடு மாமாவும் பொனட்டுக்குள் தலையை விட்டிருந்தார்கள். கவிதா டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமி சோபாவின் வெளிமுனையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "என்ன நடக்குது இங்க?" என்றார் பெரியப்பா.

நாள் குறித்தாயிற்று. திரும்பும்போது கவிதாவிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி. இனி மறைக்கிறதுக்கு ரெண்டு வீட்டுலயும் ஒன்னும் இல்ல, நிம்மதி" என்றாள். சுதாகரன் இப்போது தலைக்கு மை பூசுவதில்லை. மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் மாமா அதைப் பார்ப்பதில்லை. மாமி பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் மேல் கியர், இரண்டு தட்டு என்றால் கீழ் கியர்.

எனக்குத்தான் விடுதலை இல்லை. நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அந்த வீட்டில் இரண்டால் பெருக்குகிறார்கள். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றால் பத்து நிமிடம் கழித்துத்தான் தேநீர் ஊற்றுகிறார்கள். போன வருடம், நான் உண்டாகியிருக்கும் செய்தியைச் சொன்னபோது, கிளினிக்கில் ஒரு பிள்ளை என்றார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். மாமா மாமியைப் பார்த்தார். மாமி கம்பளி நூல் எடுத்து, குளிருக்கு இரண்டு தொப்பி பின்னினார்.

ஒன்றுதான் பிறந்தது, பெண். மற்றத் தொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றால் மாமா விடமாட்டேன் என்கிறார். "இருக்கட்டும் டீச்சர். நல்லா எண்ணிப் பாத்துட்டுச் சொல்லுங்க."