பன்னிரண்டு பேர் படகு

உலகில் எத்தனையோ பெரிய முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் எங்கள் ‘கொள்ளிடக் கரை வெள்ளக் காப்புக் குழு’ ஒரு ரப்பர் படகு வாங்க எடுத்த முடிவைப்போல, ஒன்பது கூட்டங்களையும் நானூறு மெதுவடைகளையும் கண்ட முடிவு வேறு எதுவும் இல்லை. குழுவின் செயலாளன் என்ற முறையில் இதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

சந்தையில் இரண்டு படகுகள் இருந்தன. சின்னதில் நான்கு பேர் போகலாம். காற்றை இறக்கிச் சுருட்டினால் டூவீலரின் பின்சீட்டில் அடங்கிவிடும். பெரியதில் பன்னிரண்டு பேர் போகலாம். தூக்கவே எட்டு பேர் வேண்டும்.

ஆலோசனை சொல்ல வேப்பந்தட்டையிலிருந்து அழகேசன் வந்தார். அவர் மானாவாரிச் சோளம் விளையும் ஊர்க்காரர். ஆற்றையே அதிகம் பார்த்ததில்லை என்பதால் ‘நடுநிலை நிபுணர்’ என்று தீர்மானம் போட்டோம்.

ஆற்றுக்கு நடுவே திட்டில் குடியிருக்கும் பாப்பாத்தி, கூப்பிடாமலேயே கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.

“சின்னதை வாங்குங்க சார். தண்ணி ஏறுனா எங்க வூட்டுக்காரரும் நானும் ஆடு ஆறையும் ரெண்டு நடையில கரையேத்திடுவோம். பெருசைத் தூக்க எட்டு ஆளுக்கு நான் எங்க போறது?”

நியாயமான பேச்சுதான். அதனால் அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

தலைவர் அரங்கநாதன் தொண்டையைச் செருமினார். “குழுவுல நாம பன்னெண்டு பேரு. சின்னதுல நாலு பேரு நின்னு போட்டோ எடுத்தா, மத்த எட்டு பேரு மூஞ்சியை எங்க வெக்கிறது?”

“தொலைநோக்கு!” என்றார் அழகேசன். பெரிய படகு ஒருமனதாக வென்றது.

ஆயுத பூசையன்று நல்ல நேரம் ஒன்பதேகாலுக்கு. வெளியே தூறல். ஆகவே குழு ஆபீஸ் ஹாலிலேயே தலைவர் முதல் காற்றை அடித்தார். மீதியைப் பஞ்சர் கடைக்காரர் அடித்தார். சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பன்னிரண்டு பேரும் ஏறி நின்று போட்டோ எடுத்தோம். ஆபீஸ் கதவின் அகலம் மூன்றரை அடி, படகின் அகலம் ஆறடி என்பது போட்டோவில் தெரியவில்லை.

பத்தாம் நாள் விடிகாலையில் பாப்பாத்தி போன் செய்தாள். “தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு சார், போட்டை அனுப்புங்க!”

உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். வடை வரத் தாமதமானதால் கூட்டம் ஏழரைக்குத்தான் தொடங்கியது.

“காத்தை இறக்கிட்டா வெளிய கொண்டு போயிடலாங்க,” என்றேன். நானும் மனிதன்தானே, வாய் தவறிவிட்டது.

தலைவர் முகம் சிவந்தது. “யோவ், நல்ல நேரம் பாத்து நான் அடிச்ச காத்துய்யா அது! அதைப் புடுங்கி விட்டா ஊருல எனக்கு என்ன மரியாதை?”

“தலைவர் காத்து எது, பஞ்சர் கடைக்காரர் காத்து எதுன்னு பிரிச்சு இறக்க முடிஞ்சா பாக்கலாம்,” என்றார் நடுநிலை நிபுணர். அது முடியாது என்று தீர்மானித்து, கதவை அகலமாக்கக் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினோம்.

கொத்தனார் வருவதற்குள் பாப்பாத்தி வந்துவிட்டாள். வாழை மரங்களை வெட்டிச் சேர்த்துக் கட்டி, புருஷனோடு அதைப் பிடித்தபடி கரையேறியிருக்கிறாள். கூட இரண்டு ஆடுகள். மற்ற நான்கும் இல்லை. அவள் சேலையிலிருந்து ஹாலெல்லாம் தண்ணீர் சொட்டியது.

உட்கார இடமில்லை, ஹால் முழுக்கப் படகு. “அதுலயே உக்காரும்மா,” என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. உட்கார்ந்தார்கள். ஆடுகளையும் ஏற்றினோம். போட்டோ எடுத்தோம். ‘வெள்ளத்தில் தவித்த இருவரும் இரு ஆடுகளும் குழுவின் படகில் பத்திரமாக ஏற்றப்பட்டனர்’ என்று குறிப்பு எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். கைதட்டல்.

“நாலு ஆடு ஆத்தோட போச்சே சார். அதையும் எழுதுங்க.”

“அதுக்கு இதுல எடம் இல்லம்மா.”

பாப்பாத்தி படகின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு எங்களை ஒவ்வொருவராக விரல் விட்டு எண்ணினாள்.

“பன்னெண்டு பேரு. பன்னெண்டு எடம். சரியா அளவெடுத்துத்தான் வாங்கியிருக்கீங்க,” என்றாள். “தண்ணிக்குள்ள இருந்தவங்களைத்தான் ஒருத்தரும் எண்ணலை.”