வக்காக்களுக்காகச் சேற்றில் இறங்கினேன்

எனக்கு மெதுவாகப் பேச வராது. மடைத் தண்ணீருக்குச் சண்டை போட்டே வளர்ந்த தொண்டை. இதனால் கெட்ட காரியங்கள் ஏராளம். நல்லது நடந்தது ஒரே ஒருமுறை. அன்றும் மானம் போனது.

எங்கள் ஊருக்கு ஒரு காலத்தில் குடிநீர் கொடுத்த குளம் அது. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வந்ததும் கைவிட்டார்கள். பிறகு கரையில் நடைபாதை போட்டுப் பூங்காவாக்கினார்கள். நடுத்திட்டுக் கருவேல மரங்களில் வக்காக்கள் குடியேறின (இரவில் இரை தேடும் கொக்குச் சாதி, பகலெல்லாம் தூக்கம், சில அதிகாரிகளைப் போல). அந்தத் திட்டை வெட்டிவிட்டுப் பெடல் படகு விடப்போகிறார்களாம். மனு போட்டேன். பொறியாளர் நேரிலேயே வந்தார், பகல் பதினொரு மணிக்கு.

"எங்க சார் உங்க பறவை? ஒரு காக்கா கூட இல்லியே?"

"தூங்குதுங்க சார்." (கூடவே வந்திருந்த என் மனைவி வசந்தாவுக்குக் கொடுத்த வாக்குப்படி மெதுவாகத்தான் சொன்னேன்.)

"எழுந்ததும் சொல்லி அனுப்புங்க. திங்கக்கிழமை வெட்டுறோம்."

ரத்தம் கொதித்தது. திட்டுக்குப் போய்க் கிளையை உலுக்கிக் காட்டுவதென்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"ஏங்க, இறங்காதீங்க, சேறு!" என்றாள் வசந்தா.

"நான் சேத்துலயே பொறந்தவன்டி!"

வயல் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை உண்டு. இங்கே இருந்தது பல வருட வண்டல். நாலாவது அடியில் மார்பு வரை புதைந்தேன். வேட்டி தனியாக மிதந்தது.

"ஐயோ! தூக்குங்கடா!"

திட்டே எழுந்து பறந்தது போல் இருந்தது. அத்தனை வக்கா! (கரையிலிருந்தே கத்தியிருக்கலாம். அது தோன்றவில்லை.) பொறியாளர் அண்ணாந்து பார்த்தார். அது தப்பு. மூக்குக்கண்ணாடி, சட்டை, கையிலிருந்த படகுத்துறை வரைபடம் எதுவும் தப்பவில்லை.

"இருக்கு சார், ஒத்துக்கறேன்! மேல வாங்க!"

பூங்காக் காவலாளி கயிறு வீசினார். நான் பிடிக்கவில்லை. "திட்டை வெட்ட மாட்டேன்னு எழுதிக் குடுங்க, வரேன்."

வரைபடத்தின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காவலாளியின் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜெயித்த வேட்பாளர் மாதிரி வெளியே நடந்தேன்.

படகு வரவில்லை. பலகை ஒன்று வந்தது: 'பறவைகள் வாழுமிடம். சத்தம் போடாதீர்கள்.' வீட்டுக்கு யார் வந்தாலும் வசந்தா அங்கே கூட்டிப்போய், "இவருக்காக வெச்ச போர்டு" என்று காட்டுகிறாள்.

"நான் கத்தலன்னா இந்த போர்டே இல்லடி!" என்பேன்.

காவலாளி விசில் ஊதுவார்.