பல்கலைக்கழகத்தில் ஒரு பெரட்டு

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே பெரிய தொண்டை எங்கள் மண்டோர் மாமாவுடையதுதான். கெமாஸில் ரயில் ஊதினால்கூட, "மாமா செருமுறாரு" என்பார்கள் எங்கள் தோட்டத்தில். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டதில்லை.

விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். அதை எடுப்பதுதான் மண்டோர், அதாவது கங்காணி, என்ற முறையில் மாமாவின் வேலை. பிறகு விரலை வைத்தால் ஆள் வந்ததைப் பதிந்துகொள்ளும் மெஷின் வந்தது. பெரட்டு நின்றது, மாமா நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் பெரட்டு, கோயில் திருவிழாவில் பெரட்டு, வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் பெரட்டு. "லெச்சுமி!" என்பார். அத்தை கரண்டியோடு, "இருக்கேன்" என்பார். "துர்கா!" என்பார். மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "இருக்கேன் மண்டோரே" என்பாள். அப்புறம்தான் சோறு.

நான் தோட்டத்தை விட்டு மம்பா டவுனுக்குக் குடிபோன பிறகும் என்னை விடவில்லை. எங்கே கண்டாலும், "குணசேகரா!" என்று ஒரு கத்தல். நான் காதில் விழாத மாதிரி போய்விடுவேன். சுங்கை காடுட் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் நான். ஒரு மரியாதை வேண்டாமா?

துர்காவுக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசை. வீட்டு மாடு கன்று போட முடியாமல் தவித்த நாளில் பிடித்த ஆசை அது. படித்தால் கோலாலம்பூர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இடம் கிடைத்த செய்தி ஒரு சாயங்காலம் அவள் ஃபோனில் வந்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

விடியற்காலை தெரிந்தது காரணம். பெரட்டு எடுக்கும் நேரத்துக்காக மனிதர் காத்திருந்திருக்கிறார்! பழைய பெரட்டுக் களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடித்தாரே ஓர் அடி, லயத்து வீடுகள் மொத்தமும் நெருப்பு பிடித்ததென்று வெளியே ஓடி வந்தன. ஒருத்தர் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். இன்னொருத்தர் உடம்பெல்லாம் சவுக்கார நுரையோடு வந்தார். தோட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போயிருந்த நான் கைலியைக் கையில் பிடித்தபடி ஓடினேன். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"எம்மவளுக்கு யூனிவர்சிட்டி கெடச்சிருச்சு! மிருக டாக்டரு!"

சவுக்காரக்காரருக்குக் கண் எரிந்தது. "யோவ், மாட்டு டாக்டருக்கா பாதிக் குளியல்ல இழுத்த?"

"மாடு மட்டுமில்லலா! ஆடு, ஆனை, புலி, எல்லாத்துக்கும் டாக்டரு! நாளைக்குப் புலிக்குக் காய்ச்சல்னா நீயா ஊசி போடுவ?"

பதிவு நாளுக்கு எங்கள் ஃபேக்டரி பஸ்ஸை நான்தான் பேசிக் கொடுத்தேன். பெண்ணைக் கொண்டுபோய் விட அப்பாவும் அம்மாவும் போதும். ஏறியது தோட்டம் முழுக்க. புறப்படுமுன் துர்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அங்க அப்பா பெரட்டு எடுக்கக் கூடாது. மொத நாளே எல்லாரும் சிரிச்சா நான் அஞ்சு வருசமும் எப்படி இருப்பேன்? நீங்கதான் பாத்துக்கணும்."

மாமாவிடம் சொன்னேன். மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார். போதாததற்கு அத்தை அவர் வாயில் வெற்றிலையைத் திணித்துக்கொண்டே வந்தார்.

பல்கலைக்கழக மண்டபத்து வாசலில் பார்த்தால் ஒரே கூட்டம். பெட்டி, தலையணை, அழுகிற அம்மாக்கள். பேர் கூப்பிட வந்த இளம் அதிகாரியின் மைக் செத்துப்போனது. அவர் குரலோ முதல் வரிசைக்கே கேட்கவில்லை. தள்ளுமுள்ளு ஆரம்பித்தது. மாமாவைப் பார்த்தேன். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி நின்றார். சத்தியத்தைக் காப்பாற்றியே செத்துப்போவார் போலிருந்தது. கூட்டம் இடித்ததில் துர்கா தடுமாறி விழப் பார்த்தாள். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா! எடுங்கப்பா!"

வெற்றிலை குப்பைத் தொட்டிக்குப் போனது. "பெராத்தூர்!" வரிசையில் நில் என்று மலாயில் அர்த்தம். கூரைப் புறா எல்லாம் பறந்தது. டை கட்டிய அப்பாக்கள், சீன அம்மாக்கள், வாசல் காவலாளி எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எனக்கே தெரியாமல் நானும் நின்றேன். அதிகாரி ஓடி வந்து, "பாக்சிக், நீங்களே கூப்பிட்டுக் கொடுங்களேன்" என்று மலாயில் கெஞ்சினார். பாக்சிக் என்றாலும் மாமாதான்.

கூப்பிட்டார். அதிகாரி காதில் சொல்லச் சொல்ல, மலாய்ப் பேர், சீனப் பேர், தமிழ்ப் பேர், ஒன்றும் தப்பவில்லை. நடுவில் துர்காவின் பேர் வந்தது. இந்நாட்டில் பிள்ளையின் பேரோடு அப்பா பேரையும் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பாதியில் அந்த மகா தொண்டை கம்மிவிட்டது. மாமாவின் சொந்தப் பெயரை நாங்கள் அன்றுதான் கேட்டோம், அதுவும் அரைகுறையாக.

"இருக்கேன் மண்டோரே!"

அப்பாவுக்குத் தப்பாத தொண்டை. மண்டபமே திரும்பிப் பார்த்தது. சிரித்தார்கள்தான். கையும் தட்டினார்கள். துர்கா தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது பஸ் கிளம்புமுன் மாமா எழுந்து நின்று பெரட்டு எடுத்தார். ஆள் விட்டுப்போகக் கூடாதே. எல்லாரும் பதில் சொன்னார்கள். "லெச்சுமி!" "இருக்கேன்." "துர்கா!"

மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

அத்தைதான் மெதுவாகச் சொன்னார். "அவள வேற டிவிஷனுக்கு மாத்திட்டாங்கங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "புரொமோஷன்லதான?"

"புரொமோஷன்லதான்."

"அப்ப சரிலா" என்று உட்கார்ந்துவிட்டார். என் பேரைக் கூப்பிட மறந்தே போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து எழுந்து, முடிந்த மட்டும் உரக்கச் சொன்னேன்.

"குணசேகரன் இருக்கேன் மண்டோரே!"