மூலதனம் சாயங்கால பஸ்சில் போகிறது

போடிநாயக்கனூர்,
12-11-1981

மதுரையில் இருக்கும் மாப்பிள்ளை மொக்கச்சாமி அவர்களுக்கு, ஏலக்காய்க் கடை வெள்ளைத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், சம்சாரம், பசுமாடு மூவரும் சுகம். நீங்களும் என் தங்கச்சியும் சுகமாயிருக்கப் பரமசிவன் துணை. சுகம் இத்தோடு முடிந்தது, இனிமேல் சங்கடம்.

ஆளை நம்பி நடக்கிற கம்பெனிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்று தங்கள் மகன் சீனிச்சாமியை என் கடைக்கு அனுப்பினீர்கள். தாய்மாமன் கடை இருக்க வேறு கடை எதற்கு என்று நானும் பூரித்துப்போனேன். வந்தவன் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மாமா, உங்க மூலதனம் எது?" என்றான். ஏலக்காய் மூட்டைகளைக் காட்டினேன். "அது இல்ல மாமா. காயைத் தரம் பிரிக்கிற இந்தப் பொம்பளைங்கதான் மூலதனம். அது தினமும் சாயங்காலம் சிலமலை பஸ்சு ஏறிப் போயிருது. நாளைக்கு வராட்டி என்ன செய்வீங்க?" என்றான். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் பெரிய ஏலம். தரம் பிரிக்காத காயைக் கொண்டுபோனால் ஒரு வியாபாரி திரும்பிப் பார்ப்பானா? எதிர்க்கடை ராக்கையா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரே!

மூலதனத்தைக் கண்ணை விட்டு விடக்கூடாதென்று நானும் அதே பஸ்சில் ஏறினேன். சிலமலையில், காய் பிரிக்கிறவர்களில் மூத்தவளான கருத்தம்மாள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் புருஷன் வந்து, "என்னா மொதலாளி, பொழுதடைஞ்ச பெறகு எங்க தெருவுல என்னா சோலி?" என்றான். "என் மூலதனம் பத்திரமா வந்து சேர்ந்துச்சான்னு பார்க்க வந்தேன்ப்பா" என்றேன். "அது உள்ள கொழம்பு வச்சுக்கிட்டு இருக்கு. நீங்க வெரசா அடுத்த பஸ்சைப் பிடிங்க" என்றான். கையில் அரிவாள். புல் அறுக்கத்தான் இருக்கும்; நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கருத்தம்மாள் சல்லடையைத் தொடவில்லை. "மூலதனத்துக்கு முதுகு வலிக்குது. எந்த ஊர்ல மொதலாளி மூலதனம் தரையில உக்காந்திருக்கு?" என்கிறாள். மெத்தை வாங்கிப் போட்டேன். உட்கார்ந்த எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எழுப்பப் போனால் மருமகன், "எழுப்பாதீங்க மாமா, தேய்மானம் ஆகிரும்" என்கிறான். காயெல்லாம் குவிந்து கிடக்கிறது. இவனுக்கு நான் காபி, பணியாரம் என்று உபசாரம் செய்வதை ராக்கையா வேறு எதிரே நின்று கண் கொட்டாமல் பார்க்கிறார். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது மாப்ளே.

கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன். இதைக் கண்டதும் புறப்பட்டு வந்து பிள்ளையை ரயிலேற்றிக் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் நான் காசிக்குப் போய்விடுவேன்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு வருத்தம் கலந்த வணக்கம்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. என் கடைக்கு மூளையே சீனிச்சாமிதான் என்று நினைத்து, ராக்கையா அவனைப் பேசி மயக்கித் தன் கடைக்குக் கூட்டிப்போய்விட்டார். தெருவைக் கடக்க ஜீப்பு! நாற்காலி காலியானதும் கருத்தம்மாள் எழுந்து, "அப்பாடா, சத்தம் ஓஞ்சுச்சு. கொண்டாங்கடி சல்லடைய" என்றாள். இங்கே வேலை பறக்கிறது. எதிர்க்கடையில் இப்போதுதான் மெத்தை இறங்குகிறது. ஆகையால் மேலே எழுதிய எதையும் மனதில் வைக்க வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். ஆராய்ச்சி என்ன, அவசரப்பட்டு முடிக்கிற காரியமா? ஏலம் முடியும்வரை பிள்ளை அங்கேயே இருக்கட்டும். மூன்று வேளைச் சாப்பாட்டையும் நானே கொடுத்தனுப்புகிறேன்.