நாக்கு ஒட்டிய நாள்

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மூணு குளிர்காலம் பத்தலையாடா உனக்கு?" அக்கா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது.

"மெதுவாப் பேசுக்கா. டாக்டர் கார் வர்ற நேரம்."

"வரட்டும். உன் வாயால ஆகாதது என் வாயாலயாவது ஆகட்டும். அந்தப் பொண்ணு ஒரே கம்பளிக் கோட்டை மூணு தடவை சின்னதாக்கி, மூணு தடவை பெருசாக்கி வாங்கிட்டுப் போறா. அவ உடம்பு என்ன பலூனா?"

"துணி அப்படிக்கா. சுருங்குற ரகம்."

"நீதாண்டா சுருங்குற ரகம். இன்னைக்கும் கேக்காம வந்தா கதவைத் திறக்க மாட்டேன்."

தையல்காரர் தூண்டில் கோலை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்தப் பொண்ணு என்பது பல் டாக்டரின் தங்கை. நூலகத்தில் வேலை. அவளும் தையல்காரரும் நிமிர்ந்து பார்க்காமலே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெருவுக்கே தெரியும். ஆனால் முறையாகப் போய்ப் பெண் கேட்க வேண்டாமா? டாக்டரிடம் கிளினிக்கில் கேட்க முடியாது. அங்கே எந்நேரமும் யாராவது வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பார்கள். வீட்டில் கேட்க முடியாது, தங்கை இருப்பாள். மிச்சம் ஆறுதான். அதற்காகவே, ஊசிக்கு மேல் கனமான எதையும் தூக்கியறியாத மனிதர் ஞாயிறுதோறும் ஒன்பதடிக் கோலைத் தூக்கிக்கொண்டு, டாக்டரோடும் டிரைவிங் மாஸ்டரோடும் டிரவுட் மீனுக்குக் கிளம்பினார். மூன்று வருடத்தில் ஒரு மீன் மாட்டவில்லை. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அன்று ஆற்றங்கரை முழுக்கப் பனி. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த பொய் ஈயைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டால், நிஜ ஈ என்று நம்பி மீன் கவ்வ வேண்டும். மூவருக்கும் ஈ கட்டித் தந்தவர் தையல்காரர்தான். இறக்கை, கால், வயிறு எல்லாம் அச்சு அசல். மீன்கள்தான் நம்பவில்லை.

டாக்டர் பக்கத்தில் தனியாக நின்ற நேரம் பார்த்து, தையல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு..."

"முதல்ல கோலைப் பாருய்யா. வளையமெல்லாம் பனிக்கட்டி அடைச்சிருக்கு. நூல் எப்படி ஓடும்?"

விரல் விறைத்திருந்தது. வாயால் ஊதினால் கரையும் என்று வளையத்தருகே உதட்டைக் கொண்டுபோனார். கரையவில்லை. நாக்கு நுனியை வைத்தார். நாக்கு இரும்போடு ஒட்டிக்கொண்டது.

"ங்கா... ங்கா..."

"என்னடா, கோலைத் தின்னுக்கிட்டிருக்க?" என்றார் மாஸ்டர்.

"அசையாதே. ஊரெல்லாம் பல்லுக்கு வருது, நீ ஒருத்தன் நாக்குக்கு வந்திருக்க," என்று டாக்டர் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றினார். நாக்கு விடுபட்டது. டீ கொதித்துக்கொண்டிருந்ததால் வெந்தும் போனது.

"தங்... தங்கத்தி..." என்று தொடங்கினார் தையல்காரர்.

"தங்கம் கட்டற பல்லா? திங்கட்கிழமை வா."

அதற்குள் தையல்காரரின் காது சிவந்து கன்றிப்போயிருந்தது. மாஸ்டர் இரக்கப்பட்டுத் தன் கம்பளிக் குல்லாயை இழுத்து மாட்டி, அதன்மேல் மஃப்ளரை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். காது சூடானது. உலகம் ஊமையானது.

கோலைப் பின்னால் வீசினார். ஈ மரக்கிளையில் போய் உட்கார்ந்தது. அதை விடுவிக்கப் பக்கவாட்டில் நகர்ந்தார், பள்ளம். இடுப்பளவு ரப்பர் பூட்ஸுக்குள் ஆறு இறங்கியது. இரண்டு கால்களும் தன்னுடையவைதானா என்ற சந்தேகத்தோடு அவர் நடு ஆற்றில் நின்றபோது, இருபதடி தள்ளி டாக்டர் கைகளை வாயருகே குவித்து எதையோ கத்தினார். தண்ணீர் இரைச்சலையும் கம்பளியையும் தாண்டிக் கடைசிச் சொல் மட்டும் வந்து சேர்ந்தது.

"...பிடிச்சிருக்கா?"

தையல்காரர் மஃப்ளரை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு வெறுங்கையை விரித்தார். "இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுய்யா. கொஞ்சம்கூடவா பிடிக்கல?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு எரிச்சல் வந்தது. "கொஞ்சம்கூட இல்ல. மூணு வருஷமா வரேன், ஒருநாளும் பிடிச்சதில்ல."

"அப்ப எதுக்குய்யா வந்துட்டிருந்த?"

"உங்களுக்காகத்தான். நீங்க மதிச்சுக் கூப்பிடும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது?"

மாஸ்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். டாக்டர் நூலைச் சுற்றிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியெல்லாம் காருக்குள் ஆற்றைவிட அதிகக் குளிர். தெருமுனை வந்ததும், கதவைத் திறக்காமல் நிற்கப்போகும் அக்காவை நினைத்துத் தையல்காரர் குல்லாயைக் கழற்றினார். வெந்த நாக்கைப் பல்லுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டு, மூன்று வருடத் தைரியத்தையும் ஒன்றாகத் திரட்டினார்.

"டாக்டர், உங்க தங்கச்சி விஷயமா..."

"அந்தப் பேச்சே வேண்டாம். முடிஞ்சுபோச்சு."

வாயெடுக்குமுன்பே கண்டுபிடித்து மறுத்துவிட்டாரே என்று தையல்காரர் உள்ளுக்குள் இடிந்து போனார். அக்கா கதவைத் திறந்தாள், முகத்தைப் பார்த்தாள், போய் வெந்நீர் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரின் தங்கை கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அளவு சரியா இருக்கு. இனிமே மாத்த வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் திட்டியிருப்பார், பாவம், என்று நினைத்துக்கொண்டு தையல்காரர் அன்று முழுக்க ஒரே பொத்தான் காஜாவை நாலு தடவை பிரித்துத் தைத்தார்.

பனி உருகியதும் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, டிரைவிங் மாஸ்டர்தான். கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிபோகிறார்கள். மாப்பிள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்க மாஸ்டர் கையை விரித்து நின்றார். தையல்காரர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி, அவர் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தார்.

"ஏண்டா மூஞ்சியைத் தொங்கப்போட்டிருக்க?" என்றார் மாஸ்டர். "உனக்குத்தான் நான் நன்றி சொல்லணும். 'என் தங்கச்சி கேட்டுட்டு வரச் சொன்னா, அவளை உனக்குப் பிடிச்சிருக்கா'ன்னு டாக்டர் அன்னைக்கு ஆத்துல நின்னு கத்தினப்ப, நீ மட்டும் ஆமான்னு சொல்லியிருந்தா என் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டாரு."