உட்கார்ந்தால் வரும் நோய்

நாற்காலியில் உட்கார்ந்தால் எபனேசருக்கு மூச்சு முட்டியது. படுத்தால் சரியாகிவிட்டது. தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் மனிதருக்கு வேறு எந்த நோய் வந்திருந்தாலும் ஊர் நம்பியிருக்கும்.

முதலில் நம்பாதவள் அவர் மனைவி கிருபா.

"ஏட்டி, நெஞ்ச அடைக்கி. செத்த நேரம் படுத்துக்கிடட்டா?"

"இப்பதான எந்திரிச்சீங்க?"

"எந்திரிச்சதுனாலதான் அடைக்கி."

"ரேசன் கடைக்குப் போகச் சொன்னா ஒரு நோவு, தேங்கா திருவச் சொன்னா ஒரு நோவு. படுத்தா மட்டும் சொகமாயிருதாக்கும்?"

"ஆமா."

உண்மையைச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அன்று முழுவதும் கிருபா அவரோடு பேசவில்லை.

டாக்டரிடம் போனார். டாக்டர் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தார். படுக்கவைத்து எக்கோ பார்த்தார். ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் படுக்கவைத்துத்தான் உள்ளே தள்ளினார்கள். எல்லாம் நார்மல்.

"காளை மாடு மாதிரி இருக்கீங்க" என்றார் டாக்டர்.

"சார், ஒரே ஒரு வாட்டி உக்கார வச்சுப் பாத்தா..."

"நீங்க எம்.பி.பி.எஸ். எங்க படிச்சீங்க?"

எபனேசர் படித்தது பி.காம். சீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் சத்து மாத்திரை எழுதியிருந்தது.

அவருடைய அலுவலகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் நான்கு பேர் மேசையில் தலை சாய்ப்பார்கள். மூன்று பேர் ரெக்கார்டு ரூமில் துண்டை விரித்துக் கட்டையைச் சாய்ப்பார்கள். அதிகாரி கணபதிசுப்பிரமணியன் பதவிக்குரிய கௌரவத்தோடு நாற்காலியிலேயே குறட்டை விடுவார். இருபத்தாறு வருடத்தில் அங்கே ஒரு நாள்கூடக் கண் அயராதவர் எபனேசர் ஒருவர்தான். நேர்மையான மனிதர். நேர்மை சும்மா இருக்குமா? மணிக்கொரு முறை பத்து நிமிடம் படுக்க அனுமதி வேண்டும் என்று எழுத்துமூலம் விண்ணப்பித்துவிட்டார்.

அதிகாரி கூப்பிட்டார்.

"என்ன ஓய் இது?"

"உக்காந்தா மூச்சு முட்டுது சார். படுத்தா..."

"இங்கன படுக்காதவன் யாருவே? எவனாவது லெட்டர் எழுதுனானா?"

"கேக்காமப் படுத்தா விதிமீறல்லா சார்?"

"கேக்காமப் படுத்தா தூக்கம். கேட்டுட்டுப் படுத்தா பைலு. பைலுன்னு ஆயிட்டா நான் நடவடிக்கை எடுத்தாகணும். என் தூக்கத்தையும் சேத்துக் கெடுத்துட்டீரே!"

நடவடிக்கை எடுத்தார். நோய் உண்மைதான் என்று திருநெல்வேலியில் மருத்துவக் குழு முன்னால் போய் நிரூபிக்க வேண்டும்.

நிரூபித்துவிடலாம் என்றுதான் எபனேசர் பஸ் ஏறினார். பாவூர்சத்திரம் தாண்டியதும் மூச்சு வாங்கியது. ஆலங்குளத்தில் கண் இருட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் பொத்தென்று விழுந்தார். நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் ஓடி வந்து அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். அதோடு காரியம் கெட்டது. மருத்துவக் குழு முன்னால் போய்ச் சேர்வதற்குள் மூச்சு சீராகி, முகம் தெளிந்து, நிம்மதியில் லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

மூன்று டாக்டர்கள் குனிந்து பார்த்தார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்றது.

"இதுக்கு ஸ்ட்ரெச்சர் வேறயா?" என்றார் மூத்தவர். 'நோய் ஏதுமில்லை, நடிக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த வாரம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பொய்யான நோயைச் சொல்லி அரசை ஏமாற்ற முயன்றவரை ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது? பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். எபனேசர் அதைப் படுத்துக்கொண்டே படித்தார். படித்துவிட்டு அழுதார். கிருபா அதை வாங்கிப் பார்த்தாள்.

"வேலை போயிருமாங்க?"

"போயிரும் போலத்தான் இருக்கு."

"இது வாய்வுப் பிடிப்புதான். எண்ணெய் தேச்சு அருவியில ஒரு குளி குளிச்சா பறந்து போயிரும். கெளம்புங்க."

குற்றாலத்தில் சீசன் அமோகமாக இருந்தது. எண்ணெய் தேய்க்கும் சுடலைமாடன் எபனேசரைக் கல்லில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெயை ஊற்றித் தட்டினார். பிறகு குப்புறப் படுக்கவைத்து முதுகைப் பிசைந்தார். பிறகு எழுப்பி உட்காரவைத்துக் கையை நீவினார். சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணாச்சி, திரும்பப் படுங்க."

படுத்தார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"தாயி, இங்கன வந்து பாருங்க" என்று கிருபாவைக் கூப்பிட்டார். "உக்காந்தா உதடு நாவப்பழம் தின்ன மாதிரி கருக்கு. படுத்தா செவக்கு. முப்பது வருசமா ஆளுகள உக்கார வச்சும் தேய்க்கேன், படுக்க வச்சும் தேய்க்கேன். இப்படி நெறம் மாறுத ஒடம்ப நான் பாத்ததில்ல. இதுக்கு மேல நான் தொட மாட்டேன். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

"எல்லா டாக்டரும் பாத்தாச்சே!"

"உக்கார வச்சுப் பாத்தாவளா?"

கிருபா வழியெல்லாம் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வாடகைக் காரின் பின்சீட்டில் அவரைப் படுக்கவும் சொன்னாள்.

தென்காசியில் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் சாருலதாவுக்கு இளம் வயது. பிறர் சொல்வதைக் காதில் வாங்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. படுக்கவைத்துப் பார்த்தார், தொண்ணூற்றேழு. உட்காரவைத்துப் பார்த்தார், எண்பத்தொன்று. அவர் முகம் மலர்ந்தது.

"அய்யோ! இத புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். ரொம்ப ரொம்ப அபூர்வம் சார்!"

"பிழைச்சிருவாரா?" என்றாள் கிருபா.

"தாராளமா. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கொண்டுதான் விளக்கினார். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே சின்ன ஓட்டை. வயதாக ஆக இதயம் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நிமிர்ந்தால் கெட்ட ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் அந்த ஓட்டை வழியாக நல்ல ரத்தத்தில் கலந்துவிடுகிறது. படுத்தால் கலப்பதில்லை. மதுரையில் தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு மூடியைக் கொண்டுபோய் ஓட்டையை அடைத்துவிடலாம்.

எபனேசருக்கு ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. தான் பொய் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது போதும். அறிக்கையை இணைத்து நாலு பக்கம் பதில் எழுதினார். ஆபரேஷன் ஆகும்வரை படுத்தபடியே வேலை செய்ய அனுமதியும் ஒரு கட்டிலும் வேண்டும் என்று ஐந்தாம் பக்கத்தில் சேர்த்தார்.

தலைமை அலுவலகம் மிரண்டது. குறிப்பாணை ரத்தானது. 'மேற்படி நோயுள்ள பணியாளர்களுக்குக் கட்டில் வழங்கலாம்' என்று பொது உத்தரவும் பிறந்தது. வழக்கம்போல, உத்தரவு வந்தபோது அவர் மதுரையில் ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு மாத விடுப்பு முடிந்து வேலையில் சேரத் தகுதிச் சான்று கேட்டார்கள். 'எத்தனை மணி நேரமும் உட்கார்ந்து பணியாற்ற முழுத் தகுதி உடையவர்' என்று சாருலதா எழுதிக் கொடுத்தார். எபனேசர் அதை இரண்டு முறை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கள்கிழமை படியேறி அலுவலகத்துக்குள் நுழைந்தார். துளி மூச்சு வாங்கவில்லை. ஆனால் ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. அவருடைய மேசை மட்டும் கோப்புகளுக்கு அடியில் எங்கோ இருந்தது. அலுவலக உதவியாளர் உலகம்மை வாளியோடு வந்தாள்.

"எல்லாரும் எங்க உலகம்மை? ஆபீசர் வரலையா?"

உலகம்மை உதட்டில் விரலை வைத்து ரெக்கார்டு ரூமைக் காட்டினாள். உள்ளே வரிசையாக எட்டுக் கட்டில்கள். ஃபேனுக்கு நேர் கீழே கணபதிசுப்பிரமணியன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"சத்தம் போடாதீங்க சார், எல்லாருக்கும் ஒங்க நோயி வந்துட்டு" என்றாள் உலகம்மை. "உக்காந்து வேலை பாக்கலாம்னு டாக்டரு எழுதிக் குடுத்த ஒரே ஆளு நீங்கதான்னு, அம்புட்டுப் பைலயும் ஒங்க மேசையில வைக்கச் சொல்லிட்டாவ."