இருநூற்று மூன்றாம் வீட்டின் விருந்தாளிகள்

“என்னங்க, போயிட்டாங்களா?”

போங் சுங்தே ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். கீழே ஒரு கூட்டமே நின்றது. ஆளுக்கொரு கேமரா, ஒவ்வொன்றும் பீரங்கி நீளம். அத்தனையும் அவர் வீட்டு ஜன்னலையே குறிபார்த்துக்கொண்டிருந்தன.

“போகல. இன்னும் கூடியிருக்காங்க.”

மனைவி ஓக்ரான் பேரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குறி உண்மையில் வீட்டுக்கு அல்ல. ஜன்னலை ஒட்டி நின்ற மரத்தில் சிவப்புப் பழங்கள் தொங்கின. சைபீரியாவிலிருந்து கொண்டை வைத்த யோசே பறவைகள் வந்து அவற்றை மொய்த்துக்கொண்டிருந்தன. அன்றைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று பறவைகளுக்கு யார் சொல்வது?

வழக்கமாக ஓட்டலில்தான் இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்திக்கும். மாப்பிள்ளையின் அம்மாதான், வீட்டைப் பார்த்தால்தான் குடும்பம் தெரியும் என்று சொல்லிவிட்டார். மூத்த மகனுக்குப் பேசிய சம்பந்தத்தை, பெண்ணின் அப்பா தன் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார் என்பதற்காகவே முறித்துக்கொண்ட அம்மாள் அவர்.

வாசலில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மாதர் சங்கத் தலைவி திருமதி குவாக் வந்து நின்றாள். முகம் நிறைய அனுதாபம்.

“போங் சார், பத்திரிகைக்காரங்க இவ்ளோ பேர் வந்திருக்காங்களே, ஆபீஸ்ல ஏதாவது கையாடலா?”

“ஐயோ, அது குருவி பாக்க வந்த கூட்டம்ங்க!”

“நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சார்,” என்று சொல்லிவிட்டு, மற்ற வீடுகளில் சொல்லப் போனாள்.

மகள் ஹேரின் அழுதுவிடுவாள் போலிருந்தது. “அப்பா, நாலு வருஷமா அவரைக் காதலிக்கிறேன். அந்தம்மா கண்ணுல இந்தக் கூட்டம் பட்டா எல்லாம் போச்சு!”

போங்குக்கு மகள் என்றால் உயிர். கீழே ஓடினார்.

“ஐயா, எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கொஞ்சம் தள்ளிப் போகக் கூடாதா?”

“உஷ்!” என்றார் ஒருவர். “அவங்களும் விருந்தாளிங்கதான். எவ்ளோ தூரத்துலேர்ந்து பட்டினியா வந்திருக்காங்க! சாப்பிடும்போது தொந்தரவு பண்ணாதீங்க.”

அவங்க என்றது பறவைகளை.

“சரி, கண்ணுக்குத் தெரியாம மறைவாவது நில்லுங்களேன்.”

அதற்கு உடனே சம்மதித்தார்கள். ஆளுக்கொரு இலைநிற உடுப்பை மாட்டிக்கொண்டு புதர்களுக்குள் குப்புறப் படுத்தார்கள். போங் மேலே வந்து சேருவதற்குள் எதிர் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: “உங்களைப் பிடிக்கக் கமாண்டோ படையே வந்திருக்காமே?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. போங் நிர்வாக அலுவலகத்துக்குப் போன் போட்டு, உண்மையை ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்லி மன்றாடினார். அடுத்த நிமிஷமே எல்லா வீட்டு உட்கூரையிலும் பதித்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது.

“குடியிருப்போர் கவனத்துக்கு. இருநூற்று மூன்றாம் வீட்டில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. போங் சுங்தே கைது செய்யப்படவில்லை. நன்றி.”

அதுவரை கவலைப்படாதவர்களும் பால்கனிக்கு வந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“வெளியில இருந்தாத்தானே வம்பு?” என்றார் போங், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “எல்லாரையும் உள்ள கூட்டிட்டு வந்துடறேன்.”

“உங்களுக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?” என்றாள் ஓக்ரான்.

அவர் அதற்குள் கீழே போய்விட்டார். மரம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் என்றதும் கூட்டம் சத்தமில்லாமல் மாடியேறியது. ஹேரின் அப்போது தன் அறையில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வாசலில் ஷூவைக் கழற்றி, குனிந்து வணங்கி, கண்ணாடி போட்ட பால்கனிக்குள் புகுந்தார்கள். கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃபிரிட்ஜுக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் இடையே நெருக்கியடித்து நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் இலைநிற உடுப்புக்கு உள்ளே டை கட்டியிருந்தார்.

“ஆகா! வாலோட சிவப்பு எப்படித் தெரியுது பாருங்க! இதுக்காக எந்தப் பொய் வேணும்னாலும் சொல்லலாம்!” என்று அவர் போங்கின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காவலாளி போன் செய்தார். “சார், உங்க சம்பந்தி வீட்டு வண்டி வந்துடுச்சு. வழி காட்ட வேண்டிய அவசியமே இல்ல. எந்தக் குழந்தையக் கேட்டாலும் உங்க வீட்டைக் காட்டுது.”

போங் திரையை இழுத்து மூடினார். “யாரும் மூச்சு விடாதீங்க!”

மணி அடித்தது. “ஹேரின், நாங்க வந்துட்டோம்மா,” என்று ஒரு பெண்குரல் கேட்டது. திரைக்குப் பின்னால் டை கட்டிய பெரியவர், யாரும் சொல்லாமலே கிம்ச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கினார்.

சம்பந்தியம்மா மகனோடு உள்ளே வந்தார். நிமிர்ந்த முதுகு, சிரிக்காத முகம்.

“மன்னிக்கணும். என் வீட்டுக்காரர் வர முடியல. காலையில திடீர்னு புசான்ல அவசர வேலைன்னு கிளம்பிட்டார்.”

“பரவாயில்லைங்க, வேலைதானே முக்கியம்,” என்றார் போங். ஒரு ஆள் குறைந்ததில் அவருக்கு நிஜமாகவே நிம்மதி.

அப்போதுதான் அந்தம்மாளின் பார்வை தரைக்குப் போனது. வாசல் முழுக்க ஆண்களின் ஷூக்கள். மலையேறும் பூட்ஸ்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், காம்பை வெளியே விட்டுவிட்டார்.

“எல்லாம்... என்னோடதுதான்,” என்றார் போங். “நடைப்பயிற்சிக்கு.”

ஹேரின் கண்களை மூடிக்கொண்டாள்.

சம்பந்தியம்மா அடுத்தவர் வீட்டிலும் ஒழுங்கு பார்க்கிறவர் என்பதால், குனிந்து ஷூக்களை ஜோடி சேர்த்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க ஆரம்பித்தார். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி. பூட்ஸ்களுக்கு அடியிலிருந்து பளபளக்கும் கறுப்புத் தோல் ஷூ ஒன்று வந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“சம்பந்தி, இதுக்கு இன்னைக்குக் காலையில நான்தான் பாலிஷ் போட்டேன். புசான் போனவரைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்றீங்களா?”